முதல் நொடியைத் தாங்குவது யார்?

வீட்டு பேட்டரிகளுக்கு ஆஸ்திரேலிய அரசு 2025 ஜூலை முதல் மானியம் தருகிறது. மின்தொகுப்போடு இணையும் பேட்டரி, பல வீட்டு பேட்டரிகளை ஒரே நிலையம்போல் இயக்கும் மெய்நிகர் மின்நிலையத்தில் சேரத் தக்கதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வீட்டு பேட்டரிகளை மென்பொருளால் கோத்துவிட்டால் போதும், நிலக்கரி நிலையங்களைக் கவலையின்றி மூடலாம் என்று இப்போது சிலர் வாதிடுகிறார்கள். இதில் பாதியைத்தான் ஏற்க முடியும்.

நண்பகல் வெயிலின் மின்சாரத்தை மாலைத் தேவைக்குச் சேமித்துத் தருவதில் இந்த ஏற்பாடு சிறந்தது. 2019 அக்டோபரில் குயின்ஸ்லாந்தின் கோகன் கிரீக் நிலையம் திடீரென நின்று 748 மெகாவாட் பறிபோனபோது, தெற்கு ஆஸ்திரேலிய வீட்டு பேட்டரிகள் அதிர்வெண் சரிவை உணர்ந்து தாமாகவே கைகொடுத்தன. அது உண்மையான சாதனை.

ஆனால் அன்று அதிர்வெண் 49.61 ஹெர்ட்ஸோடு நின்றது எதனால்? தொகுப்பெங்கும் சுழன்றுகொண்டிருந்த கனத்த டர்பைன்கள் சரிவின் வேகத்தை மட்டுப்படுத்தின. அவை தந்த அவகாசத்தில்தான் பேட்டரிகள் வேலை செய்தன. 2016 செப்டம்பர் 28 அன்று அந்த அவகாசம் கிடைக்கவில்லை. தெற்கு ஆஸ்திரேலியாவில் புயல் மின்கோபுரங்களைச் சாய்த்தது. ஏழு நொடிக்குள் 456 மெகாவாட் காற்றாலை மின்சாரம் போனது. விக்டோரியா இணைப்பும் துண்டானது. சரிவைத் தடுக்க வைத்திருந்த தானியங்கி மின்வெட்டு செயல்படுவதற்குள் மாநிலமே இருளில் மூழ்கியது.

வீட்டு இன்வர்ட்டர்களில் பெரும்பாலானவை தொகுப்பின் மாறுமின்னோட்ட அலையைப் பின்பற்றுபவை. அலையே குலைந்தால் பற்றிக்கொள்ள அவற்றுக்கு எதுவும் இல்லை, துண்டித்துக்கொள்ளும். மின்னழுத்தமோ அந்தந்த இடத்திலேயே தாங்கப்பட வேண்டியது. புறநகர் வீட்டின் ஐந்து கிலோவாட் பேட்டரி, தொலைவில் உள்ள 275 கிலோவோல்ட் துணைமின்நிலையத்தின் அழுத்தத்தைத் தாங்காது. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் இருட்டாக்கியது மின்சாரப் பற்றாக்குறை அல்ல, கட்டுக்கடங்காமல் ஏறிய மின்னழுத்தம்.

மெய்நிகர் மின்நிலையத்துக்கு முன்னோடி என்று புகழப்படும் அதே தெற்கு ஆஸ்திரேலியா, 2021இல் டேவன்போர்ட்டிலும் ராபர்ட்ஸ்டவுனிலும் நான்கு சிங்க்ரனஸ் கண்டன்சர்களை நிறுவியது. எரிபொருள் எரிக்காமல் சுழன்றபடியே அழுத்தத்தைத் தாங்கும் கனமான எந்திரங்கள் அவை. மென்பொருளே போதுமென்றால் இவை எதற்கு?

பேட்டரி மானியம் தொடரட்டும். ஆனால் அதை நிலைத்தன்மைத் திட்டமென்று விற்பது பொறுப்பற்ற செயல். நிலக்கரி நிலையம் ஒன்றை மூடும் முன், அலையைத் தானே உருவாக்கும் பெரிய இன்வர்ட்டர்களோ சுழலும் எந்திரங்களோ அதன் இடத்தில் நின்றாக வேண்டும். பொதுப்பணத்தின் முதல் பங்கு அவற்றுக்கே உரியது.