மிஷ்டி தோயை எப்படி ரசிப்பது?

கொல்கத்தாவின் ஷ்யாம்பஜார் பக்கத்து இனிப்புக் கடைகளில் மிஷ்டி தோய் என்ற இனிப்புத் தயிர் மண்கலயத்தில் வரும். முதல் கரண்டியில் பழுப்பாக உருகிய சர்க்கரையின் இனிப்பு. அது கரைந்த பிறகு, நாக்கின் ஓரத்தில் மெல்லிய புளிப்பு. பெரும்பாலானோர் இனிப்போடு நின்று அடுத்த கரண்டிக்குப் போய்விடுகிறார்கள். கொஞ்சம் பொறுத்து அந்தப் புளிப்பையும் கவனிக்க வேண்டும். கணக்கில் அடங்காத நுண்ணுயிர்கள் ராத்திரி முழுக்கச் சாப்பிட்டுப் பிழைத்த தடயம் அது.

பாலைச் சுண்டக் காய்ச்சி, சர்க்கரையைப் பழுப்பாக உருக்கிக் கலந்து, வெதுவெதுப்பாக ஆறியதும் உறை ஊற்றிக் கலயங்களில் மூடி வைக்கிறார்கள். மண்கலயம் நீரை உறிஞ்சுவதால் தோய் கெட்டிப்படுகிறது. உள்ளே லாக்டோபேசில்லஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகை பாக்டீரியாக்கள் பாலின் லாக்டோஸை உடைத்துக் குளுக்கோஸை எடுத்து, பத்துப் படிகளில் அதைப் பைருவேட் என்ற மூலக்கூறாக்குகின்றன. ஒரு குளுக்கோஸுக்குக் கையில் நிற்கும் வருமானம் 2 ஏடிபி. செல்லுக்குள் அன்றாட வேலைகளுக்கெல்லாம் கைமாறும் சில்லறை இந்த ஏடிபிதான்.

ஆனால் குளுக்கோஸை உடைக்கும்போது எலக்ட்ரான்கள் கழல்கின்றன. அவற்றை என்ஏடி என்ற மூலக்கூறு சுமந்துகொள்கிறது. கொல்கத்தாவின் படாபஜார் சந்துகளில் தலைச்சுமைத் தொழிலாளர்களைப் பார்த்தவர்களுக்கு மீதி தானே புரியும். மூட்டையை இறக்க இடம் கிடைக்காதவர் அடுத்த நடைக்கு வர முடியாது. செல்லில் என்ஏடியும் கொஞ்சமே இருப்பதால், சுமை இறங்காவிட்டால் மொத்த வேலையும் நின்றுபோகும். தோய் பாக்டீரியா அந்தச் சுமையைப் பைருவேட்டின் மேலேயே இறக்கிவிடுகிறது. பைருவேட் லாக்டிக் அமிலமாகிறது. அமிலம் சேரச் சேரப் பாலின் கேசீன் புரதம் திரண்டு உறைகிறது. நாக்கில் தட்டுகிற புளிப்பு, சுமை இறங்கிய இடம்.

இதே கணக்கை ஈஸ்ட் வேறு மாதிரி தீர்க்கிறது. குளிர்காலத்தில் வங்காளக் கிராமங்களில் ஈச்சமரத்தைச் சீவிக் கலயம் கட்டுகிறார்கள். இரவில் சொட்டிய சாற்றை விடியலிலேயே இறக்கிக் காய்ச்சினால் நலேன் குர், மணக்க மணக்க வெல்லம். வெயில் ஏறவிட்டால் ஈஸ்ட் முந்திக்கொள்ளும். அது பைருவேட்டிலிருந்து கரியமில வாயுவைக் கழற்றி விட்டு, மிச்சத்தின் மேல் சுமையை இறக்கும்; கிடைப்பது ஆல்கஹால். நம் ஊரில் பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது இதைத் தடுக்கத்தான். தடவாத கலயத்தில் சேர்வது கள். நலேன் குர் போட்ட சந்தேஷ் இனிப்பைச் சுவைப்பவர், ஈஸ்டுக்கு முன்னால் எழுந்து மரமேறிய ஒருவரின் உழைப்பையும் சேர்த்தே சுவைக்கிறார்.

ஹவுரா நிலையத்தில் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவரின் கால் தசையிலும் செலவாவது இந்த ஏடிபிதான். கையிருப்பு ஏடிபி சில வினாடிகளுக்கே காணும். உடனே பாஸ்போகிரியேட்டின் என்ற சேமிப்பு கைகொடுக்கிறது. இந்த இரண்டையும் கண்டறிந்த வரலாற்றில் சென்னைக்கும் பங்கு உண்டு. பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ், ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்குடன் சேர்ந்து 1927-இல் பாஸ்போகிரியேட்டினையும் 1929-இல் ஏடிபியையும் தசையில் கண்டார். அதே 1929-இல் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக ஏடிபியைக் கண்டறிந்தார். பள்ளியில் ஏடிபி என்று எழுதிப் படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சுப்பாராவின் பெயரைச் சொல்லித்தர வேண்டும்.

ஓட்டம் நீண்டால் தசையும் தோய் பாக்டீரியாவைப் போல லாக்டேட்டை உண்டாக்குகிறது. மறுநாள் கால் வலிக்கு அதுவே காரணம் என்பது பழைய நம்பிக்கை. உண்மையில் ஓடி முடித்த கொஞ்ச நேரத்தில் இதயம் அதை எரித்துக்கொள்கிறது, கல்லீரல் மறுபடி குளுக்கோஸாக்குகிறது.

ரயிலில் ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கும்போதுதான் பெரிய வருமானம். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான் சுமை கடைசியாக ஆக்சிஜன் மேல் இறங்கித் தண்ணீராகிறது. இறங்கும் வழியில் ஒரு சவ்வின் ஒரு பக்கம் புரோட்டான்கள் குவிக்கப்படுகின்றன. அவை திரும்பப் பாயும்போது ஏடிபி சிந்தேஸ் என்ற நொதி அணைக்கட்டு டர்பைன்போலச் சுழல்கிறது. அது இயங்கும் விதத்தை விளக்கியதற்காக பால் பாயரும் ஜான் வாக்கரும் 1997-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். 2 ஏடிபி கிடைத்த அதே குளுக்கோஸுக்கு இப்போது சுமார் 30. உடம்பில் எந்நேரமும் இருக்கும் ஏடிபி சில பத்து கிராம்தான். அதையே திரும்பத் திரும்பப் புதுப்பித்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ நம் உடல் எடை அளவுக்குச் செலவழிக்கிறோம்.

கொல்கத்தா போகிறவர்கள் டிசம்பர், ஜனவரியில் போங்கள். வெல்லமும் தோயும் ஒன்றாகக் கிடைக்கும். கலயத்தைக் கையில் வாங்கியதும் அவசரப்படாதீர்கள். இனிப்பு அடங்கட்டும், புளிப்பு வரட்டும், பிறகு ஒரு மூச்சு நன்றாக இழுத்து விடுங்கள்.