பிடியும் உதைப்பும்: நம் கைத்துப்பாக்கி மரபுகள் பற்றிச் சில குறிப்புகள்

கழக மலருக்குக் கட்டுரை வேண்டும், அதுவும் பிடியைப் பற்றியே வேண்டும் என்று தலைவர் ஐயா சொன்ன பிறகு மறுக்க வழியில்லை. மூத்தவர்கள் இருக்க நான் எழுதுவது அதிகப்பிரசங்கம்தான். ஆனால் அவர்கள் எழுதமாட்டார்கள். சுடுவார்கள், இல்லாவிட்டால் பிறர் சுடுவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பார்கள்.

அங்கத்தவர்களுக்கு நிலைகளையும் இலக்குகளையும் விளக்கத் தேவையில்லை. நேராக மரபுகளுக்கே வருகிறேன்.

ஒற்றைக் கை மரபுதான் மூத்தது. ஒலிம்பிக்கில் இன்றும் அதுவே சட்டம்; மணிக்கட்டுக்கு எந்தத் தாங்கலும் கூடாது. எயார் பிஸ்டலில் உதைப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாததால் பிடியின் கோணல் பல காலம் ஒளிந்து கிடக்கும். 25 மீற்றர் ரெபிட் ஃபயரில் அது ஒரே நாளில் அம்பலமாகும். ஐந்து இலக்கு, ஐந்து வெடி, கடைசிச் சுற்றுகளில் 4 செக்கன் மட்டும். .22 தோட்டாவின் உதைப்பு சிறிதுதான். ஆனாலும் ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் முன்குறி தானாகவே பழைய உயரத்துக்கு இறங்கி வரவேண்டும். தேடிப் பிடிக்க நேரம் கிடையாது. 2012இல் லண்டனில் இந்திய இராணுவத்தின் விஜய் குமார் வெள்ளி வென்றது இந்தப் போட்டியில்தான். ஹங்கேரியின் கரோலி தகாச் 1938இல் கைக்குண்டு வெடித்து வலக்கை சிதைந்தவர். இடக்கையால் புதிதாகப் பழகி 1948இலும் 1952இலும் இதே போட்டியில் தங்கம் எடுத்தார். பிடி என்பது பிறவியிலேயே வரவேண்டும் என்று சொல்பவர்கள் அவர் கதையைப் படிக்கட்டும்.

ஷாங்காய் பொலிஸில் இருந்த ஃபேர்பேர்னும் சைக்ஸும் 1942இல் புத்தகமாகத் தந்த முறை வேறு. குறி பார்க்காமல் கை முழுவதும் இறுக்கிச் சுடுவது அது. நம் கழகத்துக்கு அது ஒத்துவராது, விட்டுவிடுவோம்.

இரட்டைக் கை மரபில் முதல் முறை ஜாக் வீவருடையது. 1950களின் பிற்பகுதியில் கலிபோர்னியாப் போட்டிகளில் அவர் சுட்டதைப் பார்த்துத்தான் ஜெஃப் கூப்பர் அதை ஒரு பாடமாகவே ஆக்கினார். 1976இல் அரிசோனாவில் பள்ளியும் வைத்தார். வலக்கை முன்னே தள்ளும், இடக்கை பின்னே இழுக்கும். அந்த இழுபறியில் துவக்கு அடங்கும். அடுத்த தலைமுறையில் ராப் லீத்தமும் பிரையன் ஈனோஸும் இரு கைகளையும் சமமாக நீட்டி, இரு பெருவிரல்களையும் முன்னோக்கிக் கிடத்தும் முறையைப் போட்டிகளில் நிலைநிறுத்தினார்கள். இன்று வேகப் போட்டிகளில் பெரும்பாலோர் அந்தப் பக்கம்தான்.

எங்களுக்குப் பயிற்சி தந்த மாஸ்டர் எந்தப் பக்கம் என்று வெளியாட்கள் கேட்பதுண்டு. பொலிஸில் சார்ஜன்டாக இருந்து ஓய்வுபெற்றவர். ஒற்றைக் கையில் தொடங்கி, வீவரைப் பழகி, தலை நரைத்த பிறகு பெருவிரலை முன்னே கிடத்தப் படித்தவர். நிற்கும் விதம் ஆளுக்கு ஆள் மாறலாம், உள்ளங்கையில் நடப்பது மாறாது என்பது அவர் கட்சி. குழல் கைக்கு மேலே இருக்கிறது. பின்னே வரும் உதை அதனால்தான் குழல்வாயை மேலே தூக்குகிறது. கை எவ்வளவு கீழே பிடிக்கிறதோ அவ்வளவு துள்ளல். ஆகவே பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட கவை, பிடியின் பின்வளைவில் இடைவெளியில்லாமல் ஏறி உட்கார வேண்டும். சுட்டுவிரல் விசைக்கு மட்டும். மற்ற மூன்று விரலும் முன்னிருந்து பின்னாக நேராக அழுத்த வேண்டும். வலக்கை மூடாமல் விட்ட பக்கத்தை இடக்கையின் அடிப்பகுதி நிரப்ப வேண்டும். இடக்கை மணிக்கட்டு சற்று முன்னே சாய்ந்து பூட்டிக்கொள்ள வேண்டும்.

இதை அவர் வாயால் சொன்னது குறைவு. சோக்குக்கட்டியைப் பொடித்து எங்கள் இரு கைகளிலும் பூசுவார். ரவை இல்லாத பிஸ்டலை, இல்லை என்று இரண்டு தரம் திறந்து பார்த்த பின், பிடிக்கச் சொல்வார். வாங்கித் திருப்பிப் பார்ப்பார். பிடியில் எங்கே வெள்ளை ஒட்டவில்லையோ அங்கே விரலால் ஒரு தட்டு. இடப்பக்கத்தில் உள்ளங்கையகலம் கறுப்பாகவே கிடந்தால் அன்றைக்கு வெடி கிடையாது. “வலக்கை புடிக்கட்டும், இடக்கை நெருக்கட்டும்” என்பார். வலக்கை மிஞ்சி இறுகினால் சுட்டுவிரலும் சேர்ந்து இறுகி, விசை இழுக்கும்போது குறி சரியும் என்பது அதன் பொருள்.

அவர் தோட்ட லயத்தில் பிறந்தவர், அப்பா தேயிலைக் கவ்வாத்துக்காரர். கவ்வாத்துக் கத்தி பிடிப்பதைத்தான் எங்களுக்கு உதாரணம் காட்டுவார்: கீழ்விரல்கள் உறுதி, மணிக்கட்டு நேர், தோள் தளர்வு, முற்றிய வாதில் வெட்டு விழுந்தாலும் கத்தி கையில் திரும்பாது. நுவரெலியாக் குளிரில் விரல் விறைத்த காலையில் அதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

தானியங்கிப் பிஸ்டலில் மணிக்கட்டு தளர்ந்தால் இன்னொரு வினை. ஸ்லைட் முழுத் தூரமும் பின்னே போகாமல் வெற்றுக்கோது வாயில் சிக்கும். துவக்கு பழுது என்று ஆயுதக் களஞ்சியத்துக்குத் திரும்பியவற்றில் பாதி பழுதே அல்ல என்பது மாஸ்டரின் கணக்கு. ரிவால்வரில் பெருவிரலை முன்னே நீட்டவே கூடாது. உருளைக்கும் குழலுக்கும் இடையில் சீறும் சூட்டு வாயு தோலைக் கிழித்துவிடும்.

நம் மலைநாட்டில் இந்தக் கலைக்கு மகிழ்ச்சியான வரலாறு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு 1900 முதல் 1949 வரை இயங்கிய தோட்டத்துரைமார் படையில் துரைமார் சுட்டார்கள். நம்மவர்களுக்கு அங்கே இடமில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் வெடியில் தொழிலாளி கோவிந்தன் விழுந்ததுதான் எங்கள் பாட்டன்மாருக்குத் துவக்கைப் பற்றித் தெரிந்தது. அப்படிப்பட்ட லயங்களின் பிள்ளைகள் இன்று கடதாசி இலக்கில் பத்து எடுக்கிறார்கள் என்றால், கழகத்தை நடத்திய பெரியவர்களின் பொறுமையே காரணம்.

அதனால்தான் மனம் பொறுக்கவில்லை. இப்போது பயிற்சி தருவோரில் சிலர், பெயர் வேண்டாம், நல்ல பிள்ளைகள்தான், புள்ளியும் எடுக்கிறார்கள், முதல் நாளே ரவை போட்டுக் கொடுக்கிறார்கள். அறுபதுக்கு நாற்பது என்று இரு கைகளின் அழுத்தத்துக்குச் சூத்திரம் சொல்கிறார்கள். எந்தத் தராசில் நிறுத்தார்களோ. துள்ளுகிறதா, பிடியில் சொரசொரப்பு நாடா ஒட்டு. இன்னும் துள்ளுகிறதா, முன்னால் பாரம் மாட்டு. ஐந்து வெடிக்குள் கையை இரண்டு தரம் மாற்றிப் பிடிக்கிறான் பையன். பின்னால் நிற்பவர் கைபேசியில் படம் பிடிக்கிறாரே தவிர, அதைப் பார்க்கவில்லை. மாஸ்டராக இருந்தால் துவக்கை வாங்கி வைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

பிடியில் தொடங்கிய தளர்ச்சி பிடியோடு நிற்பதில்லை. புள்ளித்தாளில் கையெழுத்து வாங்கும் வழக்கம் போயிற்று. களத்துக்குச் செருப்போடு வருகிறார்கள். மூத்தவர் உள்ளே வந்தால் எழுந்திருப்பவர் இல்லை. போன பரிசளிப்பில் கிண்ணத்தில் கழகத்தின் பெயரே பிழையாக அச்சாகியிருந்தது. கேட்டதற்கு, யார் வாசிக்கிறார்கள் என்றார்கள். தேநீர் பொடித்தூளில் போட்டிருந்தார்கள், அதுவும் இந்த மண்ணில்! கடந்த வரவு செலவு அறிக்கையில் சோக்குக்கட்டிக்கென்று வழிவழியாக இருந்த சிறு தொகையையும் அடித்துவிட்டார்கள். அதே பக்கத்தில் பதாகைக்கு எழுதியிருக்கும் தொகையை நான் இங்கே சொல்லப்போவதில்லை. வரும் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் விளக்கம் தரட்டும். கேள்வியை எழுத்தில் கொடுத்துவிட்டேன்.