தையல் தெரியாத தோல்

எழும்பூர் மியூசியத்தைச் சென்னைச் சனங்கள் 'செத்த காலேஜ்' என்பார்கள். மிருகக்காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. படித்தவர்கள் இதைச் சொல்லிச் சிரிக்கக் கேட்டிருக்கிறேன். சிரிக்க ஒன்றுமில்லை. 1851இல் இந்த மியூசியம் ஆரம்பித்ததே நுங்கம்பாக்கத்துக் காலேஜ் கட்டிடத்தில்தான். 1855இல் உயிருள்ள மிருகங்களை வைத்ததும் மியூசிய வளாகத்தில்தான். சனங்கள் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

சின்ன வயசில் ஒரு காணும் பொங்கலுக்கு அப்பா என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். ஊரில் மாடு செத்தால் சேரிக்கு ஆள் வரும், அப்பா கத்தியோடு போவார். திமிங்கில எலும்புக்கூட்டை எல்லாரும் வாயைப் பிளந்து பார்க்க, அவர் பாடம் பண்ணி வைத்த மானிடம் போய் நின்றுவிட்டார். "உரிச்சவன் கெட்டிக்காரன்டா. வயித்துல தையலு தெரியுதா பாரு" என்றார். பிறகு, "யாரு உரிச்சதுன்னு போட்டிருக்கான், படி" என்றார். அவருக்கு எழுத்து தெரியாது. நான் படித்தேன். மானுக்குப் பேர் இருந்தது. இலத்தீனில் இன்னொரு பேரும் இருந்தது. உரித்தவனுக்கு இல்லை.

வயிற்றில் கீறித் தோலை முழுசாகக் கழற்றி, கொழுப்பைச் சுரண்டி, மருந்து பூசி, உள்ளே உருவம் வைத்துத் தைத்து, கண்ணாடிக் கண் பதித்தால் அது விஞ்ஞானம். அதே தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு, ஆவாரம்பட்டையில் பதப்படுத்தினால் அது தீட்டு. கத்தி ஒன்றுதான், கை மட்டும் வேறு. 1927இல் மகாடில், செத்த மாட்டை இழுக்காதே என்று அம்பேத்கரின் மாநாடு தீர்மானம் போட்டது. 2016இல் குஜராத்தின் உனாவில், செத்த மாட்டைத் தோலுரித்த தலித் இளைஞர்களை நடுரோட்டில் கட்டி வைத்து அடித்தார்கள். இழுக்கமாட்டேன் என்றாலும் உதை, உரித்தாலும் உதை.

நம் சங்கதி அந்த மியூசியத்தில் தோலோடு முடியவில்லை. 1885 முதல் 1908 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிகளையும் கடலுயிர்களையும் பற்றி எழுதிய ஆள். சிப்பியை ஆராய்ந்த மனுசர் பிறகு மனுசர்களை அளக்கத் தொடங்கினார். தலை நீளம், தலை அகலம், மூக்கின் உயரம், மூக்கின் அகலம். 1909இல் 'தென்னிந்தியாவின் சாதிகளும் பழங்குடிகளும்' ஏழு தொகுதிகளாக வந்தது. ரங்காச்சாரி உதவி. ஆங்கில அகரவரிசையில் சாதி சாதியாக அடுக்கியிருக்கிறார்கள், அலமாரியில் பூச்சிகளைக் குத்தி வைத்த மாதிரி.

அதே காலம், அதே பட்டணம். 1907இல் ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' என்று வாரப் பத்திரிகை நடத்துகிறார். பறையன் என்பது நம்மீது ஒட்டப்பட்ட பெயர், நாம் பூர்வ பௌத்தர் என்று வாரா வாரம் எழுதுகிறார். அளக்கப்பட்டவன் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தான். தர்ஸ்டனின் அளவுகோலில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

தர்ஸ்டனைக் கொளுத்து என்று நான் சொல்லவரவில்லை. சடங்கு, வழக்காறு, தொழில் என்று வேறெங்கும் கிடைக்காத தகவல்கள் அதில் உண்டு. எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். சாதிச் சங்க மலர்களில் தர்ஸ்டன் சொல்லிவிட்டார் என்று மீசை முறுக்குகிறார்கள். நம் தோழர்கள் சிலரும் அவரை வேதம் மாதிரி மேற்கோள் காட்டுகிறார்கள். அம்பேத்கர் அந்தக் கணக்கை எப்படிக் கையாண்டார் என்று பாருங்கள். தீண்டப்படாதார் பற்றிய 1948ஆம் வருசத்துப் புத்தகத்தில், கூர்யே தந்த மூக்களவு அட்டவணைகளையே எடுத்து வைத்து, பார்ப்பனரும் தீண்டப்படாதாரும் ஒரே இனம்தான் என்று எழுதினார். தீண்டாமைக்கு இனம் காரணம் என்ற வாதத்தை, அளந்தவர்களின் எண்ணை வைத்தே உடைத்தார். மேற்கோள் காட்டுவதென்றால் அப்படிக் காட்டவேண்டும்.

அப்பா இப்போது இல்லை. போன மாதம் மறுபடி போனேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து பெயர்ச்சீட்டுகளை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் மானைத் தேடிப் போனேன். அன்றைக்குக் கிளம்புகிற நேரத்தில் அப்பா கண்ணாடியோரம் குனிந்து, மானின் காதுக்குப் பின்னால் ஒரு இடத்தைக் காட்டியிருந்தார். "இங்க கத்தி பட்டிருக்கு பாரு. அவசரப்பட்டுட்டான்."