மூடிக்குக் கீழே ஒரு சுடர்

கனடாவின் ஸ்காபரோவில் ஏழாவது மாடி பால்கனி. ஜூலை மாத மதிய வெயில். பெரியப்பா ஒரு கையில் விரல் நீள உலோகக் குழலையும் மறு கையில் ஜெட் லைட்டரையும் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, நெருப்பு எரியுதோ எண்டு பார்" என்றார். எரிந்துகொண்டுதான் இருந்தது. சீறல் கேட்டது, சுடர் கண்ணில் படவில்லை. தொட்டுப் பார்க்க நீண்ட அவர் சுண்டுவிரலைச் சட்டென்று பிடித்துக்கொண்டேன். ஜெட் லைட்டரின் நீலச் சுடர் வெயிலில் ஏறக்குறைய மறைந்துவிடும். லைட்டரை வாங்கும்போது இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

சர்க்கரை நோயால் கால் நரம்புகளில் வந்த எரிச்சலுக்காக, மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டின்படி அவர் கஞ்சாவைப் பயன்படுத்துகிறார். கனடாவில் மருத்துவத் தேவைக்கு 2001 முதலும், வயது வந்தோர் அனைவருக்கும் 2018 அக்டோபர் 17 முதலும் அது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் அதைத் தடுக்கிறது. ஆகவே இங்கே நான் பேசுவது அனுமதி உள்ள இடத்து வழக்கத்தைப் பற்றி மட்டும். அது நல்லதா கெட்டதா என்பது வேறு கட்டுரை. என் கவலை எல்லாம் அந்தக் குழலைச் சூடேற்றும் நெருப்பைப் பற்றியது.

இந்த வகைக் கருவிகளில் பலரும் அறிந்தது, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து டைனாவாப் நிறுவனத்தின் வாப்கேப். பேட்டரி கிடையாது, மின்கம்பி கிடையாது. குழலின் நுனியில் இலைத்தூளை வைத்து உலோக மூடியால் மூடி, அந்த மூடியை வெளியிலிருந்து சுடரால் சூடாக்க வேண்டும். இலை எரியக் கூடாது. அதிலுள்ள மருந்துப் பொருள் ஆவியாகிற அளவுக்கு மட்டும் சூடேற வேண்டும். மூடிக்குள் விரிவளவு வேறுபட்ட இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த மெல்லிய தகடு இருக்கிறது. வெப்பம் ஏறியதும் அது வளைந்து 'டிக்' என்கிறது. ஆறும்போது மறுபடி ஒருமுறை 'டிக்' என்கிறது. மின்னணு இல்லாமல், திரை இல்லாமல், ஒரு தகட்டின் வளைவை வைத்தே வெப்பத்தைச் சொல்லும் இந்த ஏற்பாடு அழகானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புகைப்பதோடு ஒப்பிட்டால் தாரும் கரியும் குறைவு. பத்து ஆண்டு கழித்தும் வேலை செய்யும். செத்துப்போக அதில் பேட்டரி இல்லை.

ஆனால் கடையில் வாங்குவது பாதிக் கருவிதான். மறுபாதி நெருப்பு. அதைத் தேடிப் பிடிப்பது வாங்குகிறவர் பொறுப்பு என்று விட்டுவிடுகிறது இந்த வழக்கம். குழலின் உலோகத்தை நுணுக்கமாகப் பார்த்து வாங்குகிறவர்கள்கூட லைட்டரை மட்டும் கல்லாப் பக்கத்துக் கூடையிலிருந்து, எது கைக்கு வருகிறதோ அதை எடுக்கிறார்கள். பெரியப்பாவும் அப்படித்தான் எடுத்தார்.

சாதாரண லைட்டரின் மஞ்சள் சுடரில் பியூட்டேன் வாயு காற்றோடு முன்கூட்டியே கலப்பதில்லை. சுடரின் விளிம்பில் மட்டும் ஆக்சிஜன் கிடைக்கிறது. உள்ளே எரியாத கரித்துகள்கள் பழுத்து ஒளிர்கின்றன. அந்த மஞ்சள் நிறமே கரிதான். மூடியில் பிடித்தால் அடுப்படிச் சட்டியின் அடிபோலக் கறுத்துவிடும், விரலில் ஒட்டும். காற்றடித்தால் அணையும். சூடேற நேரமும் ஆகும். ஆனால் அந்த மெதுவிலேயே ஒரு நன்மை இருக்கிறது: உள்ளே இருக்கும் இலையும் மூடியோடு சேர்ந்தே சூடேற அவகாசம் கிடைக்கிறது.

ஜெட் லைட்டரில் வாயு மயிரிழைத் துளை வழியாகப் பாய்ந்து, போகிற வழியில் காற்றை இழுத்துக் கலந்துகொண்டு எரிகிறது. சுடர் நீலம், கரி இல்லை, காற்றுக்கும் அசையாது. வெப்பம் ஆயிரம் டிகிரியைத் தாண்டும். இலைத்தூளோ சுமார் 230 டிகிரியில் கருகத் தொடங்கிவிடும். இந்த இடைவெளியை நினைவில் வைத்துத்தான் லைட்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒற்றைச் சுடர் லைட்டரே இந்த வேலைக்குத் தாராளம். இரண்டு, மூன்று, நான்கு சுடர் உள்ளவை சுருட்டு பற்றவைக்க வந்தவை. சுருட்டின் அகன்ற முகம் முழுவதையும் ஒரே நேரத்தில் பிடிக்க அவ்வளவு தேவை. இந்தச் சின்ன மூடிக்கு அது அடுப்பின் மேல் உலையைக் கவிழ்ப்பது மாதிரி.

அந்த 'டிக்' சத்தத்தை நம்புவதில் உள்ள குறையும் இங்கேதான் வெளிப்படுகிறது. தகடு சொல்வது மூடியின் வெப்பத்தை. மூடிக்குள் இருக்கும் இலையின் வெப்பத்தை அது நேரடியாக அறியாது. மெதுவான சுடரில் இரண்டுக்கும் இடைவெளி சிறிது. மூன்று சுடர் லைட்டரில் மூடியின் ஒரு பக்கம் கொதித்துக்கொண்டிருக்க, தகடு இருக்கும் நுனிக்கு அந்தச் சூடு வந்து சேர்வதற்குள் இலை கருகிவிடலாம். சுடரை மூடியின் நுனியில் பிடித்தால் சத்தம் சீக்கிரம் வரும், இலை குறைவாகச் சூடேறும். அடிப்பக்கத்தில் பிடித்தால் சத்தம் தாமதமாக வரும், இலை அதிகம் சூடேறும். ஒரே கருவி, ஒரே சத்தம், கை வைத்த இடத்தைப் பொறுத்து வேறு வேறு முடிவு. இதைக் கைப்பழக்கம் என்றும் கலை என்றும் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். வலிக்காக ஒரே அளவு மருந்து வேண்டும் என்று நினைக்கிற எழுபது வயதுக்காரருக்கு இது கலை இல்லை, குறை. குழலை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டே, நீலக் கூம்பின் உள்முனைக்குச் சற்றுத் தள்ளி, தினமும் ஒரே இடத்தில் சூடு காட்டுவதுதான் இதற்கு நான் கண்ட ஓரளவு மருந்து.

லைட்டரின் உடலுக்கு வருகிறேன். அது ஒரு குட்டி சிலிண்டர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பியூட்டேன் கொதிப்பது பூச்சியத்துக்கு அரை டிகிரி கீழே. அறை வெப்பத்தில் அது திரவமாக நிற்பதே உள்ளிருக்கும் அழுத்தத்தால்தான். வெளிக்காற்றைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. 50 டிகிரியில் அது ஐந்து மடங்கை நெருங்கும். கோடையில் பூட்டிய காரின் முன்பலகையில் லைட்டரை விட்டுப்போகக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். சர்வதேசத் தர விதியான ஐஎஸ்ஓ 9994, லைட்டரை 65 டிகிரியில் நான்கு மணி நேரம் வைத்தும், ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து போட்டும் சோதிக்கச் சொல்கிறது. அந்த எண் அச்சிடாத லைட்டரை மலிவாக இருக்கிறதே என்று வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குளிர்காலத்தில் கதை தலைகீழ். டொராண்டோவின் ஜனவரியில் பால்கனிக்குப் போனால் வாயு ஆவியாகவே மறுக்கும். விசையை எத்தனை முறை அழுத்தினாலும் பொறி மட்டும் வரும். உள்சட்டைப் பையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் போதும், உயிர் வந்துவிடும். ஹீட்டர் மேல் வைத்துச் சூடாக்கலாமா என்று பெரியப்பா ஒருநாள் கேட்டார். கூடவே கூடாது என்றேன்.

நிரப்புவதுதான் எல்லாவற்றிலும் அலட்சியமாக நடக்கிற வேலை. ஒருமுறை சமையலறையில், அடுப்பில் தேநீர் கொதிக்க, பக்கத்தில் நின்று அவர் நிரப்பிக்கொண்டிருந்தார். பியூட்டேன் காற்றைவிட இரு மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, மேசையில் வழிந்து தரையில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். நம் வீட்டுச் சமையல் வாயுவில் நாற்றம் சேர்த்திருப்பதால் கசிவு தெரிகிறது. லைட்டர் வாயுவைச் சுத்திகரிப்பதால் மூக்கை நம்ப முடியாது. அன்று நான் முதலில் அடுப்பை அணைத்தேன், பிறகு ஜன்னலைத் திறந்தேன், பிறகுதான் பேசினேன்.

முறை கடினமானதல்ல. சுடர் அளவைத் திருகி மிகக் குறைவில் வைக்க வேண்டும். நெருப்பில்லாத, காற்றோட்டமான இடத்தில் லைட்டரைத் தலைகீழாகப் பிடித்து, அடியிலுள்ள வால்வைச் சின்னத் திருப்புளியால் அழுத்தி, உள்ளே மிச்சமிருக்கும் காற்றையும் வாயுவையும் சீறல் நிற்கும்வரை வெளியேற்ற வேண்டும். இதைச் செய்யாததால்தான் நிரப்பிய பிறகும் சுடர் விக்கி விக்கி எரிகிறது. பிறகு வாயுக் குப்பியைக் கவிழ்த்து, நேராக, சாய்க்காமல் அழுத்த வேண்டும். வழியும் திரவம் விரலில் பட்டால் வெள்ளைப் பனி பூக்கும். தோல் சுட்டதுபோல உறைந்துவிடும். நிரப்பியதும் உடனே பற்றவைக்காமல் ஐந்து நிமிடம் வேறிடத்தில் வைத்துவிட வேண்டும். மலிவான வாயுவில் இருக்கும் எண்ணெய்க் கசடு மயிரிழைத் துளையை அடைத்துவிடும். பழுதான ஜெட் லைட்டர்களில் பல உண்மையில் அடைத்துக்கொண்டவைதான்.

இன்னொரு குறையை நான் கடுமையாகவே சொல்ல வேண்டும். குழந்தைகள் பற்றவைக்க முடியாதபடி லைட்டர்கள் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1994இல் விதி கொண்டுவந்தது. வீசியெறியும் மலிவு லைட்டர்களைக் குறிவைத்த விதி அது. ஒரு விலைக்கு மேற்பட்ட, நிரப்பிப் பயன்படுத்தும் பாக்கெட் லைட்டர்களை அது தொடவில்லை. ஆக, ஒரு டாலர் லைட்டரில் குழந்தைத் தடை இருக்கிறது. அதைவிடப் பல மடங்கு சூடான, விலை உயர்ந்த ஜெட் லைட்டரில் அது இல்லாமலே போகலாம். சில பெரிய ஜெட் லைட்டர்களில் விரலை எடுத்தாலும் சுடர் அணையாமலிருக்கப் பூட்டுகூட உண்டு. இந்த வேலைக்கு அந்தப் பூட்டு எதற்கு? விரலை எடுத்த கணமே அணைகிற லைட்டர்தான் வேண்டும். கைநடுக்கம் உள்ள முதியவர்களுக்கு இது இருமடங்கு பொருந்தும்.

பேரப்பிள்ளைகள் வந்துபோகும் வீடு என்றால், சுடரே இல்லாமல் மின்காந்தச் சுருளால் மூடியைச் சூடாக்கும் சின்னப் பெட்டிகள் இருக்கின்றன. அவற்றில் சூடு தினமும் ஒரே மாதிரி ஏறும். பேட்டரி வேண்டாம் என்று வாங்கிய கருவிக்குப் பேட்டரிப் பெட்டி வாங்குவதா என்று சிலர் முறைப்பார்கள். சுடரோடு எங்கும் கொண்டுபோகலாம் என்கிற பெருமையும் விமான நிலையத்தில் முடிந்துவிடுகிறது. சாதாரண லைட்டர் ஒன்றைச் சட்டைப்பையில் அனுமதிக்கும் கனடிய விமான நிலையங்கள், ஜெட் லைட்டரை ஏற்றவே விடுவதில்லை.

பெரியப்பா இன்னும் சுருளுக்கு மாறவில்லை. சுடரைப் பார்ப்பது பிடிக்கும் என்கிறார். மூன்று சுடர் லைட்டரை மட்டும் ஒற்றைச் சுடருக்கு மாற்றிக்கொண்டார். இப்போது பால்கனியில் வெயில் நேரத்தில் பற்றவைப்பதில்லை. ஜன்னலைத் திறந்துவைத்து, திரைச்சீலையை முடிச்சிட்டு ஒதுக்கி, மேசையில் ஓர் எவர்சில்வர் தட்டைப் போட்டு உட்காருகிறார். சுடர் தெரிவதற்காகத் தட்டுக்குப் பின்னால் கறுப்பு அட்டை ஒன்றைச் சாய்த்து வைத்திருக்கிறார். அது அவருடைய சொந்த யோசனை. இழுத்து முடித்ததும் சூடான குழலைத் தட்டில் கிடத்திவிட்டு, கையைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு, மூடி ஆறும் இரண்டாவது 'டிக்' கேட்கும்வரை அசையாமல் இருக்கிறார்.