பெயர்த்தெடுக்க முடியாத மண்

முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவுக்குப் போயிருந்தேன். தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கும் திறந்தவெளி அருங்காட்சியகம். குடியிருக்கக் கட்டியவை இப்போது பார்ப்பதற்கான வீடுகள். அவற்றுக்கு நடுவே சக்கரம் சுற்றுகிறது, பானை எழும்புகிறது, குழந்தைகள் களிமண்ணில் கை வைத்துப் பார்க்கிறார்கள். இடிபட வேண்டிய வீடு பிழைத்தது சின்ன விஷயமில்லை. அதை நான் கேலி செய்யவில்லை.

என் கேள்வி வேறு. தூணையும் உத்திரத்தையும் பெயர்த்துவிடலாம். எதைப் பெயர்க்க முடிவதில்லை? ஐயனாருக்குப் புரவி செய்து, பல ஊர்களில் அவருக்குப் பூசையும் செய்யும் வேளாரின் உரிமையை. சுடுகாட்டில் உடைபடும் கொள்ளிக்குடத்தை. யார் எந்த வாசலில் நிற்கலாம், யார் தெருவுக்குள்ளேயே வரக்கூடாது என்ற சாதிக் கணக்கை. 'மரபு' என்னும் சொல்லாடல் கையின் லாவகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அந்தக் கையைச் சுற்றியிருந்த உறவுகளை, மரியாதையும் அவமானமும் சேர்த்தே, வெளியே நிறுத்திவிடுகிறது.

ஊரில் ஒரு வேளாரிடம் இதைச் சொன்னேன். "சக்கரத்தப் பாக்கக் கூட்டம் வருதா, வரட்டும். மண்ணு எங்கேருந்து வருதுன்னு யாராச்சும் கேட்டாங்களா?" என்றார். தலைமுறை தலைமுறையாக அள்ளிய கண்மாய் மண்ணுக்கு, 1959ஆம் ஆண்டுச் சிறுகனிம விதிகளின்படி அவர் அரசிடம் அனுமதி வாங்க வேண்டும்.

வனைந்து காட்டும் திண்ணையில், சக்கரத்துக்குப் பக்கத்தில், அந்த அனுமதிச் சீட்டையும் மாட்டி வைக்கலாம். கையைப் பார்க்க வந்தவர்கள் மண்ணின் கதையையும் கேட்டுவிட்டுப் போகட்டும்.