இரண்டு தளங்கள், ஒரே வாயில்: எந்தத் தொடக்கியை நம்பலாம்?

ஒரே கணினியில் இரண்டு இயக்குதளங்கள் எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஓசூர், கிருஷ்ணகிரித் தொழிற்பேட்டைகளில் வேலைக்குப் போக விரும்பும் மாணவரை எண்ணிப் பாருங்கள். உதிரிபாகங்களை வரையும் மென்பொருள்களில் பல விண்டோஸில் மட்டுமே ஓடும். கடைசல் எந்திரத்தைக் கணினியால் இயக்கும் 'லினக்ஸ்சிஎன்சி' என்னும் இலவச மென்பொருளுக்கோ லினக்ஸ் வேண்டும். எந்திரத்துக்கு ஆணைகள் நொடிப்பொழுதும் பிசகாமல் போய்ச் சேரவேண்டும்; எனவே அதை விண்டோஸுக்குள் வைத்து ஓட்டினால் சரிப்படாது. இரண்டு கணினிகள் வாங்க வசதியில்லாதவர் ஒன்றிலேயே இரண்டு தளங்களையும் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தமிழக அரசு 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அவற்றில் பலவற்றில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இடம்பெற்றது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டு வீடுகளுக்கும் வாயில் ஒன்றே. அந்த வாயிலைக் காப்பது 'பூட் லோடர்' என்னும் தொடக்கி. அது கெட்டால் இரண்டு வீடுகளும் பூட்டிக்கொள்ளும். ஓராண்டுச் செய்முறைப் பயிற்சிக் கோப்புகளும் உள்ளே சிக்கிக்கொள்ளும். ஆகவே, எந்தத் தொடக்கி நல்லது என்று ஆராய்வது வீண்வேலை அன்று.

முதலில் அது வேலை செய்யும் விதத்தைக் காண்போம். பழைய 'பயாஸ்' முறைக் கணினி, மின்சாரம் பாய்ந்ததும் வட்டின் முதல் 512 பைட்டுகளைப் படிக்கும். அதில் தொடக்கிக்குக் கிடைக்கும் இடம் 446 பைட்டுகளே. ஓர் அஞ்சலட்டை போன்ற இந்தச் சிறு இடத்தில் ஒரு தொடக்கிதான் குடியிருக்க முடியும். விண்டோஸை மறுபடி நிறுவினால், முன்பிருந்ததை அழித்துவிட்டுத் தன்னுடையதை எழுதிவிடும். லினக்ஸ் வட்டிலேயே இருக்கும். அதற்குப் போகும் வழிதான் மறைந்துபோகும். புதிய 'யூஇஎஃப்ஐ' முறையில் இதற்கெனத் தனிப் பகுதியே உண்டு. அங்கே பல தொடக்கிகள் தனித்தனிக் கோப்புறைகளில் வாழலாம். போட்டி, யார் முந்துவது என்பதில் மட்டுமே.

இனி ஒவ்வொன்றாக எடைபோடுவோம்.

விண்டோஸின் சொந்தத் தொடக்கி தன் வீட்டுக்காரரை மட்டுமே அறிந்த காவலாளி. லினக்ஸைத் தானாகத் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளாது. இரு தளப் பயன்பாட்டுக்கு இது ஏற்றதன்று.

லினக்ஸ் உலகில் முன்பு பரவியிருந்தது 'லைலோ'. தளத்தின் கருநிரல் வட்டில் எங்கே உள்ளது என்பதை அது குறித்துவைத்துக்கொள்ளும். கருநிரலைப் புதுப்பித்தபின் லைலோவை மறுபடி இயக்க மறந்தால் கணினி எழும்பாது. அதன் வளர்ச்சிப் பணி 2015இல் நின்றுவிட்டது.

எரிக் போலின் 1995இல் எழுதத் தொடங்கிய 'கிரப்' இக்குறையைத் தீர்த்தது. கோப்புகளைத் தானே தேடிப் படிக்கவல்லது. பயாஸ், யூஇஎஃப்ஐ இரண்டிலும் ஓடும். ஆனால் குறைகளும் உண்டு. அது அளவில் பெருத்துவிட்டது; 2020இல் அதில் வெளிப்பட்ட 'பூட்ஹோல்' என்னும் பாதுகாப்புக் குறை உலகெங்கும் பேசப்பட்டது. 2021இல் வந்த 2.06 பதிப்பு, பிற தளங்களைத் தேடும் வசதியை இயல்பாகவே நிறுத்திவைத்தது. அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் விண்டோஸின் பெயர் மீண்டும் பட்டியலில் வரும். ஆனால் அந்த வரியைப் புதியவர் எப்படி அறிவார்? பழுதுபட்டாலோ, கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று மட்டும் காட்டி மௌனம் சாதிக்கும்.

'ரீஃபைண்ட்' என்பது 2012இல் வந்தது. ஒவ்வொரு முறையும் வட்டை ஆராய்ந்து, கிடைத்த தளங்களைப் படங்களாகக் காட்டும். புதியவருக்கு இதமானது, ஆனால் பழைய பயாஸ் கணினிகளுக்கு உதவாது.

பட்டியலின் அழகைக் கொண்டு தொடக்கியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்; கெட்ட நாளில் எளிதில் மீட்க முடியுமா என்பதே உரைகல். 2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று, இரு தளக் கணினிகள் பலவற்றில் லினக்ஸ் எழும்பாதபடி செய்துவிட்டது. 'செக்யூர் பூட்' என்னும் காவலைத் தற்காலிகமாக நிறுத்தத் தெரிந்தவர்கள் லினக்ஸுக்குள் நுழைந்து பழுது நீக்கினர், தெரியாதவர்கள் தவித்தனர்.

பயாஸ் கணினியானால் கிரப்பே போதும். யூஇஎஃப்ஐ கணினியிலும் கிரப் பொருந்தும். பட வாயில் விரும்புவோர் ரீஃபைண்டை வைத்துக்கொள்ளலாம். இரண்டு வட்டுகள் பொருத்த இடமிருந்தால், தளத்துக்கு ஒரு வட்டாகப் பிரித்து, அவற்றின் தொடக்கிகளையும் தனித்தனியே வைப்பது மிகப் பாதுகாப்பானது.

எதைத் தேர்ந்தாலும் மூன்று காரியங்களை முன்னதாகச் செய்யுங்கள். கோப்புகளை வேறோர் இடத்தில் நகலெடுங்கள். நேரடியாக எழும்பும் லினக்ஸ் அடங்கிய பென்டிரைவ் ஒன்றைத் தயாராக வையுங்கள். விண்டோஸில் 'பிட்லாக்கர்' பூட்டு இருந்தால், அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். வாயில் அடைத்துக்கொண்ட நாளில் அந்தத் தாளும் பென்டிரைவும்தான் உங்கள் கைச்சாவிகள்.