தெரெக் வால்காட் கவிதைகளில் தீவும் வரலாறும்

கரிபியக் கடலிலுள்ள செயிண்ட் லூசியா மிகச் சிறிய தீவு. ஆயினும், பிரெஞ்சியரிடமும் ஆங்கிலேயரிடமுமாக அது பதினான்கு முறை கைமாறியது என்பர். அத்தீவின் காஸ்ட்ரீஸ் நகரில் 1930ஆம் ஆண்டு பிறந்தவர் தெரெக் வால்காட். இவருடைய பாட்டனார் இருவரும் வெள்ளையர். பாட்டியர் இருவரும் ஆப்பிரிக்க வழியினர். கத்தோலிக்கர் மிகுந்த தீவில் மெதடிஸ்டுக் குடும்பம். பிரெஞ்சுக் கிரியோல் வழங்கும் ஊரில் ஆங்கிலக் கல்வி. இவ்விரட்டைநிலையே அவர்தம் பாடுபொருளாயிற்று. 1948இல் தாயார் தந்த பணத்தைக் கொண்டு முதல் கவிதைத் தொகுப்பைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார்.

அடிமைகளாகக் கொணரப்பட்டோரின் வழிவந்த கவிஞர், ஆண்டவர்களின் மொழியில் பாடுதல் தகுமா? இவ்வினா வால்காட்டை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. 1974இல் எழுதிய கட்டுரையொன்றில், அடிமைகளின் வழியினர் எழுதும் பழிகூறும் இலக்கியத்தையும், எசமானர்களின் வழியினர் எழுதும் கழிவிரக்க இலக்கியத்தையும் அவர் ஒருங்கே மறுத்தார். வரலாற்றை மறத்தல் அவர் நோக்கமன்று. அதற்கு அடிமையாதலையே மறுத்தார் எனலாம்.

1990இல் வெளிவந்த 'ஓமரோஸ்' இக்கொள்கையின் விளைவு. ஹோமரின் மாந்தர் பெயர்களை இதில் தீவின் எளிய மீனவர்கள் தாங்குகின்றனர். துருவேறிய நங்கூரத்தால் புண்பட்ட பிலோக்டீட், அப்புண் முன்னோர் கால்விலங்கிலிருந்து வந்ததென நம்புகிறான். மருந்தோ தீவின் மூலிகையிலேயே கிடைக்கிறது. எனினும், ஒரு குறையையும் நாம் சுட்டவேண்டும். ஹெலனைத் தீவின் உருவகமாக்கும் முனைப்பில், அப்பணிப்பெண்ணின் சொந்தக் குரல் பெரிதும் ஒடுங்கிவிடுகிறது.

1992இல் நோபல் பரிசு பெற்றபோது அவர் ஆற்றிய உரை நமக்குத் தனிச்சிறப்புடையது. திரினிடாட்டின் பெலிசிட்டி என்னும் சிற்றூரில் இந்திய வழியினர் நிகழ்த்தும் இராமலீலாவோடு அவ்வுரை தொடங்குகிறது. அவர்தம் முன்னோர் 1845 முதல் ஒப்பந்தத் தொழிலாளராகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். அந்நிகழ்வைத் தாம் நாடகமாகவே கண்டதையும், எழுத்தாளருக்குரிய பழக்கத்தால் அதில் இழப்பையே தேடியதையும் வால்காட் ஒப்புக்கொள்கிறார். நிகழ்த்தியவர்களுக்கோ அது நம்பிக்கை. அவர்கள் எதையும் இழந்தவர்களாகத் தம்மைக் கருதவில்லை.

புலம்பெயர்ந்தோர் பண்பாட்டை ஆராயும் நாமும் 'எவ்வளவு எஞ்சியது?' என்றே பெரும்பாலும் வினவுகிறோம். அவ்வினாவிலேயே தாயகம் முழுமை, குடியேறிய நிலம் குறை என்னும் தீர்ப்பு மறைந்துள்ளது. தம் பார்வையின் பிழையை உலக அரங்கில் உரைத்த அக்கவிஞர் 2017இல் தாம் பிறந்த தீவிலேயே மறைந்தார். அவ்வொப்புதல், அவர்தம் கவிதைகளைப் போலவே, நாம் கற்கத்தக்கதாகும்.